அம்மாவுக்கு ஒரு கட்டில், பக்கத்துல ஒரு தொட்டில்

பிரசவம் முடிஞ்ச சில நாள்லயே ஒரு அம்மாவுக்குத் தூக்கம் போயிடுது, யாருமே இல்லாம குரல் கேட்குது. பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ். ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு, ரெண்டு பேருக்கு வரும். உடனே மனநல வார்டுல சேர்க்கணும். சரி, குழந்தை?

பெரும்பாலும் பிரிச்சுத்தான் வெச்சாங்க. நோய் தெரியாததால இல்ல. பாரிஸ்ல லூயி விக்டர் மார்சே 1858லயே கர்ப்பிணிகள், பாலூட்டுறவங்க மனநோய் பத்தித் தனிப் புத்தகமே எழுதிட்டார். ஆனா லண்டன் கேசல் மருத்துவமனையில டாக்டர் டாம் மெயின் ஒரு அம்மாவைக் குழந்தையோட அட்மிட் பண்ணினது 1948ல. நடுவுல 90 வருஷம்! 1959ல பான்ஸ்டெட்ல இதுக்குன்னே தனி வார்டு வந்தது.

இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009இல் தாய்-சேய் மனநலப் பிரிவு தொடங்கியது. இங்கே அம்மாவோ அக்காவோ யாராவது ஒரு பெண் துணைக்குத் தங்கணும். பால் கொடுக்கிறவங்களுக்கு ஏத்த மருந்தைப் பார்த்துக் கொடுப்பாங்க. நர்ஸ் பக்கத்துல இருக்க, அந்தத் தாய் மெல்ல மெல்லக் குழந்தையைத் தூக்க, குளிப்பாட்டப் பழகுவார். எனக்கு அதுவே பாதி மருந்துன்னு தோணுது.

தொடங்கினப்போ அங்கே இருந்தது அஞ்சு படுக்கை. இந்தியாவில் வருஷத்துக்கு 2 கோடிக்கு மேல பிரசவம் நடக்குது.