மின்காந்தக் கவசச் செயல்திறன் அளவீடு

மின்காந்தக் கவசச் செயல்திறன் என்பது, தன்மீது படும் மின்காந்த அலையை ஒரு பொருள் மறுபுறம் போகவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் அளவு. மின்னணுக் கருவிகளின் உறைகள், கேபிள்களைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல், எம்.ஆர்.ஐ. அறையின் சுவர்கள், மின்கடத்தும் துணிகள், பூச்சுகள் ஆகியவற்றின் தரம் இதைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது.

அலகு

கவசம் இல்லாதபோது வந்துசேரும் அலையின் திறனை, கவசம் வைத்தபின் வந்துசேரும் திறனோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தை டெசிபெல்லில் குறிப்பர். 20 டெசிபெல் என்றால் நூறில் ஒரு பங்கும், 30 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கும், 60 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கும் மட்டுமே உள்ளே நுழைகிறது.

தடுக்கும் விதம்

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த செர்கேய் ஷெல்குனோஃப் 1943இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய கோட்பாட்டின்படி, அலையின் ஒரு பகுதி பொருளின் மேற்பரப்பில் எதிரொளிக்கிறது. ஒரு பகுதி உள்ளே உறிஞ்சப்படுகிறது. மெல்லிய கவசங்களில் இரு பரப்புகளுக்கும் இடையே மீண்டும் மீண்டும் நிகழும் எதிரொளிப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். உறிஞ்சல், அலை பொருளுக்குள் குறித்த அளவு வலுவிழக்கும் தொலைவான ஊடுருவல் ஆழத்தைப் பொறுத்தது. தாமிரத்தில் இந்த ஆழம் 1 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். 50 ஹெர்ட்ஸில் 9 மில்லிமீட்டருக்கும் மேல். தடிமன் ஓர் ஊடுருவல் ஆழம் கூடும்போதெல்லாம் உறிஞ்சல் சுமார் 8.7 டெசிபெல் உயரும். வானொலி அலைகளை மெல்லிய தகடே நிறுத்திவிட, மின்மாற்றியின் காந்தப்புலத்தைத் தடுக்க நிக்கல்-இரும்புக் கலவையான மியூ உலோகம் தேவைப்படுவது இதனால்தான்.

தட்டையான மாதிரிகள்

தகடு, துணி, நெகிழிப் படலம் போன்றவற்றுக்கு ஏ.எஸ்.டி.எம். டி4935 முறை பரவலாகப் பயன்படுகிறது. நடுவில் பெரிதாக்கப்பட்ட 50 ஓம் ஓரச்சுக் குழாயின் இரு பாதிகளுக்கு இடையே மாதிரி இறுக்கி வைக்கப்படும். முதலில் ஒப்பீட்டு மாதிரி: அதே பொருளில் வெட்டிய ஒரு வெளி வளையமும், நடுக்கடத்திக்குப் பொருந்தும் 33 மில்லிமீட்டர் வட்டத் துண்டும். அடுத்து 133 மில்லிமீட்டர் விட்டமுள்ள முழு வட்டம். இரண்டு அளவீடுகளின் வேறுபாடே விடை. இரண்டிலும் தடிமன் ஒன்றாக இருக்க வேண்டும். துணியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் அளவு மாறும். இம்முறையின் எல்லை 30 மெகாஹெர்ட்ஸ் முதல் 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை.

அதற்கும் மேலான அதிர்வெண்களில் அலைவழிகாட்டிக் குழாய்களும் வெக்டர் நெட்வொர்க் அனலைசரும் உதவுகின்றன. இக்கருவி எதிரொளித்த திறனையும் கடந்துசென்ற திறனையும் தனித்தனியே அளக்கிறது; மொத்தத்தில் மிஞ்சுவது உறிஞ்சப்பட்ட பங்கு.

அறைகளும் பெட்டிகளும்

கட்டி முடித்த அறைகளுக்கு ஐ.இ.இ.இ. 299 தரமுறை உண்டு. பக்கங்கள் குறைந்தது 2 மீட்டர் இருக்க வேண்டும். இதற்கு முன்னோடி 1956இல் வெளியான அமெரிக்க இராணுவத் தரமுறை மில்-எஸ்.டி.டி.-285. இரு ஆன்டெனாக்களைக் குறித்த இடைவெளியில் நிறுத்தி, சுவர் குறுக்கே இல்லாமல் ஒருமுறையும், சுவருக்கு இருபுறமும் வைத்து ஒருமுறையும் அளப்பர். கதவோரம், காற்றுத்துளை, கேபிள் நுழைவாய் ஆகிய இடங்களே முதலில் சோதிக்கப்படும். 1 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 சென்டிமீட்டர்; சுவரில் 1.5 சென்டிமீட்டர் நீள இடுக்கு ஒன்று இருந்தால், தோராயக் கணக்கில் கவசம் 20 டெசிபெல்லாகச் சரிந்துவிடும். தகடு எவ்வளவு தடித்திருந்தாலும் பயனில்லை. அதனால் பொருளுக்குக் கிடைத்த எண்ணை, அதைக் கொண்டு செய்த பெட்டிக்குச் சூட்ட முடியாது.

முடிவைக் குறிப்பிடுதல்

மிக நல்ல கவசங்களை அளக்கும்போது, மறுபுறம் வரும் சிற்றலை கருவியின் சொந்த இரைச்சலுக்குள் மறைந்துவிடும். அப்போது கிடைக்கும் எண் கருவியின் எல்லையையே காட்டும். அளவீட்டு முறை, அதிர்வெண், தடிமன் மூன்றும் சேர்ந்தால்தான் டெசிபெல் மதிப்புக்குப் பொருள் உண்டு. மெல்லடுக்குப் பொருளான டைட்டானியம் கார்பைடு மெக்சீனின் படலம் பற்றி 2016இல் வெளியான முடிவு 92 டெசிபெல். அது கவனம் பெற்றதற்குக் காரணம், அப்படலத்தின் தடிமன் வெறும் 45 மைக்ரோமீட்டர் என்பதே.