வீட்டிலிருந்து வகுப்பறைக்கு: சேலம், நாமக்கல் சமவெளியில் எட்டாம் வகுப்பு என்னும் எல்லை

வீட்டில் படித்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது எழும் சிக்கல்களைப் பிள்ளையின் கற்றல் நிலையோடு சேர்த்துப் பேசுவதே வழக்கம். கணக்கு வருமா, வேகமாக எழுதுமா, நாற்பது பேருக்கு நடுவே உட்காருமா என்று கேட்கிறோம். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இவற்றுக்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பிள்ளை எந்த வகுப்பில் உள்ளே வருகிறது? எட்டாம் வகுப்புக்கு முன்பு சேர்பவருக்கும் பின்பு சேர்பவருக்கும் மாற்றத்தின் தன்மையே வேறாகிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வீட்டுக் கல்வி இம்மண்ணுக்குப் புதிதன்று. 1792 முதல் சேலத்தை ஒட்டிய பாராமகால் பகுதியில் ஆட்சியர் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநராகி 1822இல் கல்விக் கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, சென்னையில் வீட்டில் படித்தவர்கள் பள்ளியில் படித்தவர்களைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். வெளி மாவட்டங்களிலிருந்து இத்தகைய கணக்கு வரவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். அன்றைய திண்ணைப் பள்ளிக்குள் நுழையச் சாதியும் பாலினமும் கடுந்தடைகளாக இருந்தன. ஆனால் வயதுக்கேற்ற வகுப்போ மாற்றுச் சான்றிதழோ குறுக்கே நிற்கவில்லை. வகுப்பு, பதிவேடு, பொதுத்தேர்வு என்ற அமைப்பு வேரூன்றிய பிறகே வீட்டிலிருந்து பள்ளிக்குப் போவது குடும்பங்களுக்குத் தனிப் பிரச்சினை ஆயிற்று.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை இப்பிரச்சினையைப் பெருமளவு தளர்த்துகிறது. பள்ளியே காணாத பிள்ளையையும் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. மற்றவர்களுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையையும் தருகிறது. மத்திய அரசின் விதிகள் அப்பயிற்சிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை காலம் வகுத்துள்ளன. நுழைவுத் தேர்வு கூடாது. வயதுச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பக் கூடாது. விருப்பத்தால் வீட்டில் கற்பிக்கும் பெற்றோரைப் பற்றிச் சட்டம் ஏதும் சொல்லவில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பன்முக ஊனமோ கடுமையான ஊனமோ உள்ள குழந்தைகளுக்கு மட்டும் வீட்டு வழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வெளிப்படையாக வழங்கியது.

எட்டைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயதில் தேசிய திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு நிலைக்குப் பதியலாம். ஆனால் வகுப்பறையில் இடம் கிடைப்பது பள்ளியின் கையில் போய்விடுகிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழும் கட்டாயப் பாடம். ஆங்கிலத்திலேயே படித்து வந்த பிள்ளைக்கு அது தனிச் சுமை.

இந்தச் சமவெளிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத் தனியார் விடுதிப் பள்ளிகள் பொதுத்தேர்வு மதிப்பெண்ணுக்காகவே மாநிலமெங்கும் பெயர் பெற்றவை. நாமக்கல் கோழிப்பண்ணைக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் அவற்றுக்குப் ‘பிராய்லர் பள்ளி’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் ‘போர்ஷனை’ ஆரம்பித்துவிடுவது இத்தகைய பள்ளிகள்மேல் நெடுநாளாக உள்ள குற்றச்சாட்டு. இதேபோல் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிச் செல்வதைத் தடுக்கவே 2017-18இல் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பாடத்தைத் தன் போக்கில் படித்து வந்த பிள்ளைக்கு, இப்பள்ளிகளில் சேர்ந்தால், பள்ளிக்குப் பழகுவதோடு வீட்டையும் விட்டு விடுதிக்குப் போக நேர்கிறது. அதன் தடுமாற்றம் வீட்டுக் கல்வியின் தோல்வியாகவே கணக்கில் எழுதப்படுகிறது.

‘விரும்பி வெளியே நின்றவர்களுக்குப் பள்ளி ஏன் வளைந்து கொடுக்க வேண்டும்?’ என்ற மறுப்பு எழலாம். பெருந்தொற்றுக் காலமே இதற்கு விடை. 2020 மார்ச்சில் மூடிய வகுப்பறைகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. திரும்பி வந்த பிள்ளைகளின் இடைவெளியை அரசு குடும்பங்களின் தலையில் கட்டவில்லை. ‘இல்லம் தேடிக் கல்வி’, ‘எண்ணும் எழுத்தும்’ திட்டங்கள் வழியே தானே ஈடுகட்ட முயன்றது. இடைவெளியைக் காரணம் ஆராயாமல் நிரப்பலாம் என்ற கொள்கை அப்போதே ஏற்கப்பட்டுவிட்டது.

அக்கொள்கையை ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கும் நீட்டி, அங்கும் சிறப்புப் பயிற்சியை உரிமையாக்க வேண்டும். அதுவரை இப்பகுதிப் பெற்றோர் ஆறு அல்லது ஏழாம் வகுப்பில், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதே தக்கது. சட்டத்தின் காப்பு முழுமையாக இருப்பது அங்கேதான்.