தப்படியை எண்ணும் சிறு மின்சுற்று

"அண்ணே, வாத்தியார் இல்லாத நாள்ல தாளம் பிடிக்க ஏதாச்சும் செஞ்சு தர ஏலுமா?"

பூண்டுலோயாவில் தப்புப் பழகும் பிள்ளைகள் என்னிடம் கேட்டது இதுதான். கைத்தொலைபேசியில் அதற்குச் செயலிகள் உண்டு. ஆனால் அவர்களுக்குத் தேவைப்பட்டது, பழுதானால் தாங்களே திறந்து திருத்தக்கூடிய ஒன்று.

தோட்டங்களில் திருவிழா, சாவு, காமன் கூத்து எல்லாவற்றுக்கும் தப்பு வேண்டும். அதன் அடிகள் பெரும்பாலும் எழுத்தில் இல்லை. கை பார்த்துக் கை பழகியவை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் 2009 வரை அங்கும் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தன. இப்படிச் சிதறிய ஊரில் ஓர் அடிகாரர் இறந்தால், அவர் கையில் இருந்த அடிகளும் போய்விடும்.

நாங்கள் செய்த சுற்றின் இதயம் 555 என்ற ஐசி. ஹான்ஸ் கமென்சிண்ட் 1971 இல் வடிவமைத்த இது, இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. 7 ஆம், 8 ஆம் கால்களுக்கிடையே 10 கிலோ ஓம் தடையி. 6 ஆம், 7 ஆம் கால்களுக்கிடையே இன்னொரு 10 கிலோ ஓம் தடையியும் 100 கிலோ ஓம் மாறுந் தடையியும் தொடராக. 2 ஐயும் 6 ஐயும் இணைத்து, அங்கிருந்து 4.7 மைக்ரோபரட் கொள்ளளவி வழியாகத் தரைக்கு. 4 ஆம் கால் 8 உடன் சேரும். மாறுந் தடையியைத் திருப்பினால் நிமிடத்துக்குச் சுமார் 80 முதல் 610 துடிப்பு வரை வேகம் மாறும். தடை கூடினால் தாளம் மெதுவாகும்.

அந்தத் துடிப்பு 4017 என்ற எண்ணியின் 14 ஆம் காலுக்குப் போகிறது. அதன் பத்து வெளியீடுகள் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொன்றாக உயிர்பெறும். ஒன்பதாவது வெளியீட்டை (9 ஆம் கால்) மீளமைப்புக் காலான 15 உடன் இணைத்தால் எட்டு எண்ணிக்கை; ஏழாவதை (5 ஆம் கால்) இணைத்தால் ஆறு. 13 ஆம் காலைத் தரையில் இணைக்க மறந்தால் எண்ணி தாறுமாறாக நடக்கும்.

தப்புக்கு இரண்டு குச்சி. சுற்றுக்கும் இரண்டு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் எட்டு ஆளிகள். ஒவ்வோர் ஆளியும் ஒரு டயோட் வழியாக வரிசையின் பொதுக் கம்பியைச் சேரும். அந்தக் கம்பியிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம். பொதுக் கம்பி இன்னொரு 555 இன் 4 ஆம் காலைத் திறந்து ஒலி எழுப்பும். தடித்த குச்சிக்கு 150 ஹேர்ட்ஸ் அளவிலும், மெல்லிய குச்சிக்கு 460 அளவிலும் வைத்தோம்.

முதல் நாள் ஒரு கோளாறு. அடுத்தடுத்து இரு ஆளிகளைப் போட்டால் இரண்டு அடி கேட்கவில்லை. ஒரே நீண்ட ஒலி. எண்ணி ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்கு இடைவெளியின்றித் தாவுவதே காரணம். 4081 என்ற ஐசியில், பொதுக் கம்பியும் முதல் 555 இன் துடிப்பும் இரண்டும் சேர்ந்தால் மட்டும் ஒலி எழும்படி செய்ததும் அடிகள் பிரிந்தன. பாவிக்காத உள்ளீடுகளைத் தரையில் கட்டிவிட வேண்டும்.

முழுச் சுற்றும் 9 வோல்ற்று பற்றரியில் ஓடும். பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்களுக்கு அந்த ஒரு பற்றரியின் அருமை தெரியும்.

இது தப்புக்கு மாற்று அல்ல. நெருப்பில் காய்ச்சிய தோலின் ஓசை இதில் வராது. ஆடுபவரின் காலைப் பார்த்து அடிகாரர் வேகத்தைக் கூட்டுவார். இந்தப் பெட்டி யாரையும் பார்க்காது. எண்ணிக்கை தவறாமல் பழக மட்டுமே இது துணை.

இன்னொரு பயனைப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். எந்த ஆளிகள் போடப்பட்டிருக்கின்றன என்பதைக் கொப்பியில் இரண்டு வரிக் கட்டங்களாக வரைந்து, புள்ளி வைத்தார்கள். வாத்தியாரின் ஓர் அடி அன்றுதான் முதன்முறையாகத் தாளில் ஏறியது. அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினால், கிளிநொச்சியில் இருக்கும் ஒரு பிள்ளையும் அதே ஆளிகளைப் போட்டு அதே அடியைக் கேட்கலாம்.