யூரிமாரைத் தெரிந்தெடுத்தல்

திருக்குறளிலே ‘தெரிந்துதெளிதல்’ என்றோர் அதிகாரம் உண்டு. பொறுப்பை ஒருவனிடம் ஒப்படைக்குமுன் அவன் தன்மையை ஆராய்ந்தறிதல் வேண்டும் என்பது அதன் கருத்து. அரசனுக்கு உரைத்த இவ்விதி, மனிதர் மனிதனுக்குத் தீர்ப்பளிக்கும் நீதிமன்றத்துக்கு மிகவும் பொருந்தும். ஐக்கிய அமெரிக்காவில் யூரிமாரை விசாரித்துத் தெரிந்தெடுக்கும் முறையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அங்கே வாக்காளர் இடாப்பு முதலியவற்றிலிருந்து பெயர்கள் எடுக்கப்பட்டு, உரியவர்கள் மன்றுக்கு அழைக்கப்படுவர். உண்மை பேசுவதாகச் சத்தியஞ் செய்தபின் நீதிபதியும் இருதரப்பு நியாயவாதிகளும் அவர்களை வினாவுவர். எதிரியை அறிவாயா? வழக்கைப் பற்றி முன்னரே முடிவு கொண்டுள்ளாயா? பக்கச்சார்பு வெளிப்பட்டால் அவர் விலக்கப்படுவார். இதற்கு எண்ணிக்கை வரம்பில்லை. இதனைவிட, காரணங் கூறாமலே குறித்த தொகையினரை விலக்கும் உரிமையும் இருதரப்பினர்க்கும் உண்டு. மத்திய நீதிமன்றங்களில் மரண தண்டனை வழக்கெனில் ஒவ்வொரு தரப்பும் 20 பேரை இவ்வாறு விலக்கலாம். இந்த இரண்டாவது உரிமையே பெருந் தீங்குக்கு வாயிலாயிற்று.

மேற்கு வேர்ஜீனியாவில் வெள்ளையர் மட்டுமே யூரியாகலாம் என்றிருந்த சட்டத்தை 1880ஆம் ஆண்டிலே அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. ஆனால் சட்டத்தால் மூடிய கதவைத் திறந்தபின்னும், காரணங் கூறாத விலக்கலால் அதனை மீண்டும் மூடினர். அலபாமாவின் தலதேகா மாவட்டத்தில் ஏறக்குறைய 1950 முதல் கறுப்பினத்தவர் ஒருவர்தானும் வழக்கு விசாரணையில் யூரியாக அமர்ந்ததில்லை. இருந்தும் 1965ஆம் ஆண்டின் ஸ்வெயின் வழக்கிலே அந்நீதிமன்றம் தலையிட மறுத்தது. 1986ஆம் ஆண்டில், பற்சன் வழக்கிலேதான், நிறத்தைக் காரணமாகக் கொண்டு விலக்குதல் தகாது என்றும், ஐயம் எழுந்தால் வழக்குத் தொடுநர் வேறு காரணங் காட்டவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

காரணம் கேட்டால் காரணம் படைப்பார் மனிதர் அன்றோ! மிசிசிப்பியில் பிளவர்ஸ் என்னும் கறுப்பினத்தவர் ஒரே கொலைக் குற்றத்துக்காக 1997 முதல் 2010 வரை ஆறு தடவை விசாரிக்கப்பட்டார். அவ்விசாரணைகளில் விலக்கக்கூடியவராயிருந்த 42 கறுப்பினத்தவருள் 41 பேரை அரச தரப்பு விலக்கிற்று. ஆறாவது விசாரணையில், விலக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஐவரிடம் அத்தரப்பு 145 கேள்விகள் கேட்டது. யூரியாக அமர்ந்த வெள்ளையர் 11 பேரிடம் கேட்டவையோ 12 மட்டுமே! 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. மறு ஆண்டு குற்றச்சாட்டும் கைவிடப்பட்டது. அதற்கிடையில் அம்மனிதர் சிறையிற் கழித்த காலம் ஏறக்குறைய 23 ஆண்டுகள்.

இதனாற் பெறப்படுவது யாது? வினாவுதல் தீதன்று. எல்லாரிடமும் ஒப்பக் கேட்கும் கேள்வி அரிதட்டு. ஒருசாராரிடம் மட்டும் துருவிக் கேட்கும் கேள்வி கண்ணி. இங்கிலாந்து 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் எதிரி தரப்பு காரணமின்றி விலக்கும் உரிமையை நீக்கிற்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2022இல் இருதரப்பினர்க்கும் அதனை ஒழித்தது.

நமது நாட்டுக்கும் இதிற் பாடம் உண்டு. பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே யூரி முறை இலங்கைக்கு வந்தது. இங்கு யூரிமார் எழுவர். அவர்தம் இடாப்புக்கள் மொழிவாரியாக அமைந்தவை. ஆகவே எவர் அமர்கின்றார், எவர் அமரவில்லை என்னும் வினா நமக்கும் அந்நியமன்று. தீர்ப்பு வாசிக்கப்படும் நாளையே மக்கள் நோக்குகின்றனர். நீதியை நாடுவோர் யூரிமாரைத் தெரிந்தெடுக்கும் நாளையும் விழிப்போடு நோக்குதல் வேண்டும்.