நூற்றுப் பன்னிரண்டாம் டோன்

ஆடிக் கிருத்திகை சமயத்தில் எங்கள் கனகம்மாசத்திரம் தூங்காது. திருத்தணிக்கு நடந்தே போகும் காவடிக் கூட்டம் ராத்திரி முழுக்க ரோட்டில் போய்க்கொண்டிருக்கும். நான் எட்டாவது படித்த வருஷம் தண்ணீர்ப் பந்தலை ஒட்டி மேடை போட்டு இன்னிசைக் கச்சேரி வைத்திருந்தார்கள். ஒரு முருகன் பாட்டுக்கு நடுவில் நாதஸ்வரம் கேட்டது. மேடையில் நாதஸ்வரக்காரர் யாரும் இல்லை. பாட்டு முடிந்ததும் ஓரமாகப் போய்க் கீபோர்டு அண்ணனிடம், "நாதஸ்வரம் எந்த பட்டன்ணா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இதுல இல்லப்பா. நூத்திப் பன்னண்டு போட்டா ஷெனாய் வரும். அதையே கொஞ்சம் இழுத்து வாசிச்சுக்க வேண்டியதுதான்."

அந்த 112 எங்கிருந்து வந்தது என்பது இன்ஜினியரிங் முடித்து வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. 1983-ல் வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 'மிடி' என்ற பொது மொழி வந்தது. 1991-ல் அதன்மேல் 'ஜெனரல் மிடி' என்று ஒரு பட்டியல் போட்டார்கள். மொத்தம் 128 டோன். ஒரு கீபோர்டுக்காகச் செய்த பாட்டு இன்னொன்றிலும் ஏறக்குறைய அப்படியே ஒலிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நியாயமான நோக்கம், நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் அந்தப் பட்டியலில் நம் பக்கத்துக்குக் கிடைத்தது 105-ல் சிதார், 112-ல் ஷெனாய். வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை. 110-ல் ஸ்காட்லாந்துக்காரர்களின் பேக்பைப் இருக்கிறது.

டோன் என்பது அடிப்படையில் ஓர் அலையின் வடிவம். ஒரு சுரம் நொடிக்கு 240 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 240 மட்டும் இருந்தால் அது சைன் அலை, விசிலைப் போல வழவழவென்று இருக்கும். அதோடு 480, 720, 960 என்று எல்லா மடங்குகளும் படிப்படியாகக் குறைந்துகொண்டே சேர்ந்தால் ரம்பப்பல் அலை, கூர்மையான ஒலி. ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் சேர்ந்தால் சதுர அலை, உள்ளே கொஞ்சம் வெற்றிடம் இருப்பதுபோலக் கேட்கும். வேண்டாத மடங்குகளை ஃபில்டரால் சீவிவிடலாம். கடைசியாக, ஒலி எப்படி எழும்புகிறது, எப்படித் தணிகிறது, எந்த அளவில் நிற்கிறது, எப்படி அடங்குகிறது என்று நேரத்தில் ஒரு வடிவம் கொடுக்க வேண்டும். எழும்பும் அந்தக் கணத்தை வெட்டிவிட்டால், பழகிய வாத்தியத்தையே காது அடையாளம் தெரியாமல் தடுமாறும்.

1964-ல் அமெரிக்காவில் ராபர்ட் மூக் காட்டிய சின்தசைசரில் இவ்வளவையும் கையால்தான் செய்ய வேண்டும். பட்டியல் கிடையாது, நினைவகமும் கிடையாது. வயர்களைக் குத்தி, குமிழ்களைத் திருகி ஒலியைக் கண்டுபிடிக்க வேண்டும். வயரைப் பிடுங்கினால் அந்த ஒலியும் போச்சு.

அப்படியொரு மெஷின் 1969-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று படித்தபோது நம்பவே முடியவில்லை. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதை அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் நிறுவிக்கொடுத்தார். பக்வாஜ் கலைஞரும், 1946-ல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு நம் இசையைச் சொல்லிக்கொடுத்தவருமான கீதா சாராபாய் அதில் வேலை செய்தார். ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் செய்தார்கள். 1972-க்குள் அந்த முயற்சி ஓய்ந்துவிட்டது. ஒலிநாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் தூங்கின. 2017-ல் பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்தார், 2023-ல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

பத்து வருஷம் தள்ளி, 1982-ல், பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவர் பயன்படுத்திய ரோலண்ட் டிபி-303-ல் ரம்பப்பல் அல்லது சதுரம், இரண்டே அலைகள்தான். ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அதில் வழுக்கிப் போகலாம், ராகத்துக்கு அது போதுமாக இருந்தது. அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகமே தேடிக் கேட்டது.

எங்களுக்கு ஒலி செய்கிற மெஷின் வராமலில்லை. வந்தது, பரவவில்லை. ஊருக்கு ஊர் பரவியது பட்டியல்தான். இப்போது இந்திய டோன்களோடு கீபோர்டுகள் கிடைக்கின்றன, நல்லதுதான். அதுவும் யாரோ முடிவு செய்த பட்டியல்தானே என்ற உறுத்தல் மட்டும் எனக்குப் போகவில்லை.

அதனால் போன வருஷம் லேப்டாப்பில் நானே நாதஸ்வரம் செய்ய உட்கார்ந்தேன். கூம்பு வடிவக் குழலில் எல்லா மடங்குகளும் வரும் என்பதால் ரம்பப்பல் அலையில் தொடங்கினேன். ஃபில்டரை நடுவில் தூக்கி நிறுத்தினேன், சீவாளி கடிக்கும் அந்தத் தொடக்கத்தைச் செதுக்கவே ரெண்டு வாரம் ஆனது. கமகத்துக்குச் சுருதியை வளைக்கும் சக்கரத்தைப் பழகினேன்.

ஊருக்குப் போனபோது, கல்யாணங்களுக்கு வாசித்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். முழுசாகக் கேட்டார். அண்ணன் வாசித்த 112-ஐவிடக் கிட்ட இருக்கிறது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"சத்தம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா மூச்சே வாங்கலியே இவன்?"

அன்றைக்கு ராத்திரி ஃபைலைத் திறந்து ஒவ்வொரு சொற்றொடரையும் நானே ஊதுவதுபோல வாயால் பாடிப் பார்த்தேன். எங்கே எனக்கு மூச்சு முட்டியதோ அங்கே வெட்டினேன். பதினோரு இடம். நாளைக்கு மறுபடி அவரிடம் கொடுக்க வேண்டும்.