லோயர் கேம்ப் இறக்கத்தை உங்க எம்.டி.பி தாங்குமா? மலை இறங்கும் முன் ஒரு 5 நிமிட செக்கப்!

கம்பம், கூடலூர் தாண்டி குமுளி போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்திருந்தால், லோயர் கேம்ப்பில் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்கி வரும். பெரியாறு அணைத் தண்ணீர் அதில் பாய்ந்து வந்து, கீழே மின் நிலையத்தின் டர்பைனைச் சுற்றும். உயரத்திலிருந்து இறங்கும் எதற்கும் அவ்வளவு சக்தி உண்டு.

அதே மலையை நீங்க சைக்கிளில் இறங்கினால்? குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு சுமார் 6 கிலோமீட்டர் மலைப்பாதை. இறங்கும் உயரம் கிட்டத்தட்ட 400 மீட்டர். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளியாகும் சக்தி ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். மின் நிலையத்தில் அது கரன்ட் ஆகுது. உங்க சைக்கிளில்? கொஞ்சம் காற்றோடு போகும். மீதியெல்லாம் பிரேக்கில் சூடாக மாறும். அதோடு வளைவு, குழி, எதிரே வரும் பஸ் எல்லாம் சேர்ந்து ஹேண்டில்பார், கிராங்க், வீல் அச்சு என ஒவ்வொரு பாகத்தையும் சோதிக்கும். அந்தச் சோதனையை நீங்க முன்னாடியே செஞ்சுடலாமே!

எம்.டி.பி-யா, எம்.டி.பி 'லுக்'கா?

தடிமனான டயர், முன்னாடி சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், 21 கியர். பார்க்க மவுன்டன் பைக்தான். ஆனால், மலைக்காகவே செய்யப்பட்ட சைக்கிளுக்கும், அந்தத் தோற்றத்தில் ஊருக்குள் ஓட்டச் செய்யப்பட்ட சைக்கிளுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஜப்பானில் இரண்டாவது வகைக்கு 'லுக்' சைக்கிள் என்றே பட்டப்பெயர். கரடுமுரடான பாதையில் ஓட்டாதீர்கள் என்ற எச்சரிக்கை ஸ்டிக்கரும் அதில் ஒட்டியிருக்கும்.

வித்தியாசம் பெரும்பாலும் கண்ணில் படாத இடத்தில் இருக்கும். உதாரணத்துக்கு, பின் வீல் அச்சு. விலை குறைந்த கியர் சைக்கிள்களில் பற்சக்கரத் தொகுதி, ஹப்பின் மேல் மரையில் திருகப்பட்டிருக்கும். இதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், அச்சின் ஒரு நீளமான பகுதி தாங்கல் இல்லாமல் நிற்கும். குழியில் இறங்கி இறங்கி அச்சு வளையும், ஒருநாள் உடையும். கேசட் வகை ஹப்பில் பேரிங் ஃபிரேமுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதனால் இந்தப் பிரச்னை ரொம்பக் குறைவு. அடுத்த தடவை சைக்கிள் வாங்கப் போனால், "அண்ணே, இது கேசட்டா, ஃப்ரீவீலா?" என்று கேளுங்க.

நல்லா இருந்த பாகம் திடீர்னு ஏன் உடையுது?

ஒரு கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சு உடைச்சிருக்கீங்களா? ஒரே வளைப்பில் அது உடையாது. பத்தாவது தடவையோ இருபதாவது தடவையோ பட்டென்று போகும். சைக்கிள் பாகங்களும் அப்படித்தான். இதற்கு 'உலோகச் சோர்வு' என்று பெயர். ஒவ்வொரு மிதியிலும் கிராங்க் துளி வளைந்து நிமிரும். எங்கேயோ ஒரு கீறலிலோ மரையின் ஓரத்திலோ மயிரிழை விரிசல் பிறக்கும். அது மாதக்கணக்கில் வளரும். உடைவது ஒரு நொடியில் என்றாலும், உடையத் தொடங்கியது என்றைக்கோ.

இரும்பு, அதாவது ஸ்டீல், ஒரு அளவுக்குக் கீழான அழுத்தத்தை எத்தனை லட்சம் தடவை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது. சின்னச் சின்ன அழுத்தமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் பழைய அலுமினிய ஹேண்டில்பாரை, "பார்க்கப் புதுசு மாதிரிதானே இருக்கு" என்று நம்பக் கூடாது.

ஃபேக்டரியில் என்ன செக் பண்றாங்க?

சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ 4210. சிட்டி சைக்கிள், இளையோர் சைக்கிள், மவுன்டன் பைக், ரேஸ் சைக்கிள் என நான்கு வகைக்கும் தனித்தனி சோதனை அளவுகள் உண்டு. மவுன்டன் பைக் ஃபிரேமில் பெடல் அச்சின் மீது சுமார் 120 கிலோ எடைக்கு நிகரான விசையைக் கொடுத்து, 1,00,000 சுற்றுகள் ஓடவிடுவார்கள். விரிசல் விடாமல் இருந்தால்தான் பாஸ்.

ஆனால், இந்தச் சோதனையில் உழைத்த பாகத்தை மறுபடி விற்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் சோதிக்க முடியாது, சிலவற்றை எடுத்துத்தான் சோதிப்பார்கள். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' கணக்குதான். பானை முழுக்க ஒரே மாதிரி தீ பட்டிருந்தால்தான் அந்தப் பழமொழி செல்லும். அலுமினிய ஃபிரேமை வெல்டு செய்த பிறகு சூளையில் வைத்துப் பதப்படுத்துவார்கள். அங்கே வெப்பம் சீராக இல்லையென்றால், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஃபிரேம்களில் ஒன்று உறுதியாகவும் இன்னொன்று மெத்தென்றும் வரலாம். தரக்கட்டுப்பாடு என்பது கடைசியில் குத்தும் 'ஓ.கே' முத்திரை இல்லை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தொகுதியும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்கும் ஒழுக்கம்.

பெரிய பிராண்டுக்கும் சறுக்கும்!

ஜப்பானின் ஷிமானோவைவிடப் பெரிய பெயர் சைக்கிள் பாகங்களில் இல்லை. 1997-ல் அவர்களே மவுன்டன் பைக்குகளில் போட்டிருந்த கிராங்க்குகளைத் திரும்பப் பெற்றார்கள். வட அமெரிக்காவில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல். 2023-ல் மறுபடியும் ஒன்று. ஒட்டிச் செய்யப்பட்ட ரோடு பைக் கிராங்க்குகள் பிரிந்து வந்ததால், அமெரிக்காவில் சுமார் 6,80,000 கிராங்க்குகளைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள்.

2015-ல் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்த காரணம் இன்னும் சின்னது. முன் வீலைப் பூட்டும் குயிக் ரிலீஸ் லீவர் அதிகமாகத் திறந்து, டிஸ்க்கில் போய்ச் சிக்கியது. அப்படி விழுந்த ஒருவருக்குக் கை, கால் நான்கும் செயலிழந்தன. அதே ஆண்டில் வேறு பல நிறுவனங்களும் இதே லீவருக்காக சைக்கிள்களைத் திரும்ப அழைத்தன.

கடைசி செக்கிங் எங்கே நடக்குது?

இந்திய சைக்கிள் உதிரிபாகங்களின் தலைநகரம் லூதியானா. நம்ம ஊரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ சைக்கிள்ஸ், அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ என்று வீடு வீடாகச் சேர்ந்தது. எங்கே தயாரானாலும், கியர் சைக்கிள் பெரும்பாலும் அட்டைப்பெட்டியில் பாதி பூட்டப்பட்டுத்தான் வரும். ஹேண்டில்பார், பெடல், முன் வீல், பிரேக் எல்லாம் பூட்டுவது கடைக்காரர். ஆன்லைனில் வாங்கினால், நீங்களேதான்! ஃபேக்டரியில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும், இங்கே ஒரு நட்டு லூஸ் என்றால் போச்சு.

முக்கியமாக, இடது பெடலுக்கு மரை தலைகீழ். அது தெரியாமல் ஸ்பேனரை வைத்து அழுத்தினால் அலுமினிய கிராங்க்கின் மரை அழிந்துவிடும். கிராங்க் போல்ட்டைப் பொதுவாக 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். லூஸாக வைத்து ஓட்டினால், கிராங்க்கின் சதுர ஓட்டை தேய்ந்துபோகும். அதற்கப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

இறங்கும் முன் 5 நிமிடம்

* பிரேக்: லீவரை முழு பலத்தோடு பிடியுங்க. ஹேண்டில்பாரைத் தொட்டால் இறங்காதீங்க. டிஸ்க் பேடில் தேயும் பகுதி 0.5 மி.மீ-க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆகணும். கேபிள் நுனியில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் புது கேபிள்தான்.

* முன் வீல்: தூக்கித் தட்டிப் பாருங்க. ஆட்டம் கூடாது. குயிக் ரிலீஸ் இருந்தால், லீவரைத் திறந்து சுற்றிப் பாருங்க. எந்த நிலையிலும் அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையணும். நுழையலைன்னா அதை மாற்றுங்க.

* கிராங்க்: இரண்டு பக்கமும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்க. 'டக் டக்' வந்தால் கடைக்குப் போங்க.

* ஹேண்டில்பார், ஃபிரேம்: ஈரத்துணியால் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடிச்சுப் பாருங்க. வெல்டிங் ஓரம், ஹேண்டில்பார் பிடிப்பின் ஓரம், பெடல் மரையைச் சுற்றி மயிரிழைக் கோடு தெரியுதா? பெயின்ட் கீறலா, விரிசலா என்று சந்தேகம் வந்தால், விரிசல் என்றே வைத்துக்கொள்ளுங்க.

* பின் வீல்: சுற்றிவிட்டுப் பாருங்க. கோட்டம் அடித்தாலோ, கம்பிகள் லூஸாக இருந்தாலோ, அச்சு வளைந்திருந்தாலோ அன்றைக்கு பஸ்ஸிலேயே இறங்கிடுங்க.

இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராதீங்க. வளைவுக்கு முன்னாடியே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைச்சு, அப்புறம் விடுங்க. இடையில் பாதுகாப்பான இடத்தில் நின்று ஆறவிடுங்க. டிஸ்க்கைக் கையால் தொட்டுப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்!

பில் பத்திரம்

ஓட்டும்போது பாகம் உடைந்தால், அதைத் தூக்கிப் போடாதீங்க. போட்டோ எடுங்க, ஃபிரேம் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்க, பில்லோடு சேர்த்து வையுங்க. குறைபாடுள்ள பொருளால் ஏற்பட்ட பாதிப்புக்கு இழப்பீடு கேட்க, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஃபேக்டரி சோதித்தது உங்க சைக்கிளின் அண்ணன் தம்பிகளைத்தான். உங்க சைக்கிளையே சோதிக்கப்போகிற முதல் ஆள் நீங்கதான். குமுளியில் ஒரு டீ ஆறும் நேரம் போதும். அதை முடிச்சுட்டு இறங்குங்க!