மதிலுக்குள் புகுந்த ரயில்

டில்லிவாழ் தமிழன்பர்களுக்கு அஜ்மீரி கேட் என்றால் புதுடில்லி ஸ்டேஷனின் மறுபக்கம். காஷ்மீரி கேட் என்றால் பஸ் நிலையம். இவ்விரண்டும் ஷாஜஹானாபாத் என்னும் பழம்பெரும் நகரின் மதில் வாயில்கள் என்பதை எண்ணிப் பார்க்க நமக்கு ஓய்வு கிடைப்பதில்லை. ஒருநாள் லீவு போட்டு, முன்னதிலிருந்து பின்னதுவரை நடந்தே சென்றால், அந்நகரின் சரித்திரத்தில் ரயில்வேக்கும் ஒரு பங்குண்டு என்பது புலனாகும். அப்பங்கு எம் போன்ற ரயில்வே சிப்பந்திகள் முழுமனதாகப் பெருமை கொள்ளத்தக்கதன்று.

ஆக்ராவினின்று தலைநகரை மாற்ற எண்ணிய ஷாஜஹான் சக்கரவர்த்தி 1639-ல் செங்கோட்டைக்கு அடிகோலினார். 1648-ல் அங்குக் குடிபுகுந்தார். சுமார் 1,500 ஏக்கர் நிலத்தைச் சூழ்ந்து மதில் எழுந்தது.

அஜ்மீரி வாயிலுக்குள் புகுந்து சாவ்ரி பஜாரை அடைந்தால் ரிக்ஷாவும் கைவண்டியும் தலைச்சுமைக்காரரும் நெருக்கும் நெருக்கில், நாம் நடப்பதில்லை, நடத்திச் செல்லப்படுகிறோம். காகிதக் கடைகளையும் பித்தளைப் பாத்திரக் கடைகளையும் கடந்து, 1656-ல் முடிவுற்ற ஜும்மா மசூதியின் படிகளில் ஏறி நின்றால்தான் மூச்சு விடலாம்.

அங்கிருந்து கீழ்த்திசை நோக்கினால் கோட்டைவரை நெரிசல் சட்டென்று குறைந்துவிடுவதைக் காணலாம். இந்த வெளி ஷாஜஹான் விட்டதன்று. 1857 செப்டம்பரில் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், குடிமக்களை மதிலுக்கு வெளியே துரத்தினர். ஹிந்துக்கள் முதலில் திரும்ப அனுமதிக்கப்பட்டனர். முஸ்லிம்களோ நெடுநாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பீரங்கிக்குத் தடையில்லா வெளி வேண்டுமென்று கோட்டையைச் சுற்றியிருந்த வீடுகளையும் அக்பராபாதி மசூதியையும் தரைமட்டமாக்கினர். ஜும்மா மசூதியே 1862-ல்தான் திருப்பித் தரப்பட்டது. அந்நாட்களில் பல்லிமாரான் தெருவில் அடைபட்டிருந்த கவி காலிப், மனிதரற்றுப்போன நகரை நினைந்து நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பின்னாளில் வசித்த வீடு அங்கே காசிம் ஜான் சந்தில் இன்றும் உள்ளது.

சாந்தினி சௌக்கை வகுத்தவர் ஷாஜஹானின் புதல்வி ஜஹானாரா. வழிப்போக்கர்களுக்காக அவர் கட்டிய சத்திரமும் 1857-க்குப் பின் மறைந்தது; அவ்விடத்தில் இப்போது டவுன் ஹால் நிற்கிறது.

இனி நம் ரயிலைப் பற்றி. இருப்புப்பாதையை நகருக்கு வெளியோடு கொண்டு செல்லாமல் மதிலுக்குள்ளேயே நுழைத்தமைக்கு ராணுவ நோக்கமும் ஒரு காரணம்: மீண்டும் கிளர்ச்சி எழுந்தால் துருப்புகளை ஊர் நடுவே இறக்கலாம் அல்லவா! 1867-ல் யமுனைப் பாலத்தைக் கடந்து ரயில் வந்தது. ஷேர்ஷாவின் மகன் 1546-ல் கட்டிய சலீம்கட் கோட்டையின் ஊடே பாதை சென்றது; நகரின் வடபகுதி இரண்டாகப் பிளந்தது. ஆயினும், ரயில் டில்லியை ஒதுக்கிவிடலாகாதென்று அக்காலத்து வியாபாரிகள் தாமே மனுச் செய்துகொண்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். காரி பாவலியில் மலைபோல் குவிந்துள்ள மிளகாய் மூட்டைகளைக் கண்டால் அவர்கள் கணக்கும் பிசகவில்லை என்றே தோன்றுகிறது.

1903-ல் திறக்கப்பட்ட டில்லி ஜங்ஷன் கட்டடம், கோட்டையைப் பார்த்துச் செய்தது போன்ற கொத்தளங்களுடன் செந்நிறமாய் நிற்கிறது. அதைத் தாண்டி வடக்கே சென்றால், 1857 செப்டம்பர் 14-ல் வெடிவைத்துப் பிளக்கப்பட்ட காஷ்மீரி வாயில். இரட்டை வளைவுகளில் பீரங்கிக் குண்டுகள் பதித்த வடுக்களை இன்றும் விரலால் தொட்டுப் பார்க்கலாம். குழந்தைகளுடன் செல்வோர் ஞாயிறன்று செல்க. கடைகள் பெரும்பாலும் மூடியிருக்குமாதலால் பழைய மாடங்களை அண்ணாந்து நோக்க இடம் கிடைக்கும்.